வீடு விற்றுத் தரும் தொழிலுக்கு வரப்போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். தனி வீடு, அடுக்குமாடி வீடு என்று மக்கள் குடியிருக்கும் வீடுகளை விற்றுத் தரும் வேலையைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. கடை, கிடங்கு, அலுவலகம் எல்லாம் வேறு கணக்கு.

இதற்கு என்ன படித்திருக்க வேண்டும்?

பட்டம் எதுவும் கட்டாயமில்லை. உரிமம்தான் விஷயம், அது நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் தேர்வு எழுதித் தேறி, 2010இல் அமைக்கப்பட்ட எஸ்டேட் ஏஜென்சி மன்றத்தில் பதிவு எண் பெறாமல் இந்த வேலையைத் தொடவே முடியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் தருகிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய கட்டுமானத் திட்டங்களில் வீடு விற்றுத் தருகிற முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று முகவர்களைக் கட்டுப்படுத்துகிறது, குறைதீர்ப்பு அமைப்பு ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும்; ஆனால் தொழில் தொடங்க உரிமத் தேர்வு கிடையாது.

தேர்வு சட்டத்தைச் சொல்லித் தரும். வேலைக்குத் தேவையானது இன்னும் மூன்று: பத்திரத்தை வரிவரியாகப் படிக்கப் பழகுவது, பரப்பளவுக் கணக்கு, கடன் கணக்கு. சுவருக்குள் உள்ள அளவு, சுவரோடு சேர்ந்த அளவு, படிக்கட்டு, நடைபாதை எல்லாம் பங்கிட்டுச் சேர்த்த அளவு என்று ஒரே வீட்டை மூன்று விதமாகச் சொல்லலாம். எந்த அளவைச் சொல்கிறோம் என்று தெரியாமல் பேசுகிற தரகர் ஒருநாள் மாட்டிக்கொள்வார். கடன் கணக்கும் அப்படித்தான். 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனால் மாதத் தவணை சுமார் ஏழரை விழுக்காடு ஏறும். நேற்று வரை வாங்க முடிந்தவருக்கு இன்று ஏன் முடியவில்லை என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

எனக்குப் பேச வராது. சரிப்படுமா?

நன்றாகவே சரிப்படும். பேச்சில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்து வந்து ஒரே ஆண்டில் காணாமல் போனவர்களை எண்ணி மாளாது. வீடு வாங்குபவர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய செலவைச் செய்யப்போகிறார். எதிரில் ஒருவர் சரளமாகப் பேசப் பேச அவருக்குப் பயம்தான் கூடும்.

நான் பார்த்தவரை நிலைத்து நின்றவர்களிடம் இருந்த பொதுவான பழக்கம் ஒன்றுதான். எதையும் எழுதி வைப்பார்கள், சொன்ன நேரத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள். "வியாழக்கிழமை கேட்டுச் சொல்கிறேன்" என்றால் வியாழக்கிழமை போன் வரும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்கூட. "சார், ஓனர் இன்னும் பதில் சொல்லவில்லை, திங்கள்கிழமை மறுபடி கேட்கிறேன்" என்பதும் ஒரு பதில்தான். இதைக் கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். இருபது பேரிடம் இருபது விதமாகச் சொன்ன வாக்கை ஒரு வாரம் காப்பாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும்.

முதல் வருமானம் எப்போது வரும்?

நீங்கள் நினைப்பதைவிடத் தாமதமாக. இன்று ஒருவர் வீட்டைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்கிறார் என்று வையுங்கள். அப்புறம் குடும்பத்தோடு வந்து இன்னொரு முறை பார்ப்பார். விலை பேச ஒரு வாரம். முன்பணம். வக்கீல் பத்திரம் பார்ப்பார், ஒரு காகிதம் குறைகிறது என்பார். வங்கி ஆள் வந்து மதிப்புப் போடுவார். கடன் ஒப்புதல். பதிவு. இவ்வளவும் முடிந்தபின்தான் பெரும்பாலும் கமிஷன் கைக்கு வரும். அதிலும் நிறுவனத்தின் கீழ் வேலை செய்தால் ஒரு பங்கு அங்கே போய்விடும். நடுவில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மாதக் கணக்கில் அலைந்ததற்கு வருமானம் பூஜ்யம்.

எனக்கு முதல் கமிஷன் ஏழாவது மாதம் வந்தது. அதற்கு முன் இரண்டு வியாபாரங்கள் பதிவு வரை போய்க் கலைந்திருந்தன. எனவே குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பணமுடையோடு வருகிற தரகரின் குரலில் ஓர் அவசரம் ஒட்டிக்கொள்ளும். வாங்குபவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு பள்ளம் முதல் கமிஷனுக்கு அப்புறம் வரும். ஒரு வியாபாரத்தை முடிக்கிற மும்முரத்தில் புதிய ஆட்களைத் தேடுவதை விட்டுவிடுவோம். பணம் வந்து, கொண்டாடி, நிமிர்ந்து பார்த்தால் கையில் ஒரு வாடிக்கையாளரும் இருக்கமாட்டார். அடுத்த மூன்று மாதம் வறட்சி. பதிவு நாளன்றுகூட ஒரு மணி நேரம் புது ஆட்களுக்குப் போன் செய்ய ஒதுக்குகிறேன் என்றால் காரணம் இதுதான்.

நிறுவனத்தில் சேரலாமா, தனியாக இறங்கலாமா?

முதல் இரண்டு ஆண்டு யாரிடமாவது இருங்கள். எந்த நிறுவனம் அதிகப் பங்கு தருகிறது என்று பார்ப்பதைவிட, யாருக்குப் பக்கத்தில் உட்கார விடுவார்கள் என்று பாருங்கள். அனுபவசாலி ஒருவர் விலை பேசுவதை நாலு முறை பக்கத்தில் இருந்து கேட்டால் போதும், பல பயிற்சி வகுப்புகளுக்குச் சமம்.

கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பிரிவும் ஒரு வழி. அங்கே மாதச் சம்பளம் உண்டு, வாடிக்கையாளரை நிறுவனமே விளம்பரம் செய்து கூட்டி வரும். ஆனால் ஒரே இடத்து வீடுகளை மட்டுமே விற்பீர்கள். விற்பவர் எப்போதும் உங்கள் முதலாளிதான். கைமாறும் பழைய வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே நிற்கும் கலை அங்கே வராது.

முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? சொந்தக்காரர்களிடம் கேட்கலாமா?

தெரியப்படுத்துங்கள், நச்சரிக்காதீர்கள். "இந்த வேலையில் இறங்கியிருக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும். உங்கள் முதல் வியாபாரமே சித்தப்பாவின் வீடாக இருந்து, அதில் ஏதாவது தவறு நடந்தால், காலத்துக்கும் பேச்சு நிற்காது.

சின்ன வட்டாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தெரு, அல்லது மூன்று பெரிய குடியிருப்புகள். அங்கே எந்த வீடு என்ன விலைக்குப் போனது, எந்தப் பக்கம் மழைத்தண்ணீர் நிற்கும், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நிற்கும், யார் வீட்டில் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள் என்பது வரை தெரிய வேண்டும். நடந்தே போங்கள். காவலாளிகள், துணி தேய்ப்பவர், பால்காரர், செடி பார்ப்பவர், இவர்களுக்குத் தெரியாமல் ஒரு வீடும் காலியாவதில்லை. ஊர் முழுக்க வீடு விற்கிறேன் என்பவருக்கு எந்த வீட்டைப் பற்றியும் உருப்படியாகத் தெரியாது.

விற்பவர் பக்கம் நல்லதா, வாங்குபவர் பக்கம் நல்லதா?

புதியவர்களுக்கு வாங்குபவர்தான் எளிதில் கிடைப்பார். ஆனால் அவருக்கு இருபது வீடு காட்டியபின் இருபத்தோராவது வீட்டை வேறொருவரிடம் வாங்கிவிட்டு மன்னிப்புச் செய்தி அனுப்புவார். விற்கும் வீடு ஒன்று உங்கள் கையில் இருந்தால், அதைத் தேடுகிற எல்லாப் போனும் உங்களுக்கு வரும். அந்த வீடு அமையாதவர்களுக்கு வேறு வீடு காட்டலாம். இரண்டாவது ஆண்டிலிருந்து விற்பவர்களைத் தேடிப் போகப் பழகுங்கள்.

வீட்டுக்காரர் விலையைக் கூட்டிச் சொல்கிறார். ஒப்புக்கொண்டு வீட்டைக் கைக்குள் போட்டுக்கொள்ளலாமா?

இந்தத் தொழிலில் பழைய தந்திரம் இது. மூன்று தரகர்களில் அதிக விலை சொல்பவரிடமே வீட்டைக் கொடுப்பார்கள் என்பது உண்மைதான். பிறகு இரண்டு மாதம் யாரும் வரமாட்டார்கள். விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டிவரும். வெகுநாள் விற்காத வீட்டைப் பார்க்கிறவர் "இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது" என்றே நினைப்பார். முதலிலேயே சரியான விலை வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகக்கூட முடியும்.

வீட்டுக்காரர் ஏன் பிடிவாதமாக இருக்கிறார் என்பது புரிந்தால் அவரோடு சண்டை வராது. 1990களில் போஸ்டன் நகர மையத்து அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், வாங்கிய விலைக்கும் இன்றைய மதிப்புக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 விழுக்காடு வரை கூட்டிக் கேட்டிருந்தார்கள். சந்தைக்கு அவர் என்ன விலை கொடுத்து வாங்கினார் என்பது தெரியவே தெரியாது. அவருக்கு மட்டும் அது மறக்காது. ஆகவே "உங்கள் விலை தப்பு" என்று தொடங்காதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் அதே பகுதியில் பதிவான நாலு வீடுகளின் விவரத்தை மேசையில் வையுங்கள். "இந்த நாலில் உங்கள் வீடு எதைப் போல இருக்கிறது?" என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் அவரே சரியான வீட்டைத் தொட்டுக் காட்டுவார்.

நமக்கும் கண்ணை மறைக்கும் ஒன்று உண்டு. 1987இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டூசான் நகர முகவர்களை ஒரு வீட்டுக்குள் அழைத்துப்போய் மதிப்புப் போடச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே தகவல் கட்டு. கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி எழுதியிருந்தார்கள். அதிக விலை பார்த்தவர்கள் அதிகமாகவும், குறைந்த விலை பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்புப் போட்டார்கள். அந்த விலையைக் கணக்கில் எடுத்ததாக ஒப்புக்கொண்டவர்களோ கொஞ்சம் பேர்தான். அனுபவம் இருந்தும் இந்தக் கதி. அதனால் வீட்டுக்காரர் விலையைச் சொல்லும் முன்பே என் மதிப்பை நோட்டில் எழுதி மூடிவிடுவேன்.

குறையைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடாதா?

சில சமயம் கெடும். ஒரு முறை ஒரு படுக்கையறையில் அலமாரியை ஏன் சன்னலை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்து, பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சுவர் சில்லென்று இருந்தது. விரலில் சுண்ணாம்பு மாவாக ஒட்டியது. மாடிக் குழாய்க் கசிவு. வீட்டுக்காரர் "நீங்களாகச் சொல்லாதீர்கள், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பார்க்க வந்த அம்மாவிடம் அலமாரியை நகர்த்தியே காட்டினேன். அவர் அந்த வீட்டை வாங்கவில்லை. வீட்டுக்காரர் என்னை மாற்றிவிட்டு வேறொருவரை வைத்தார். எட்டு மாதம் கழித்து அந்த அம்மா தன் தங்கைக்கு வீடு பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தங்கை வாங்கினார், பிறகு தங்கையின் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர்.

எப்போதும் இப்படி நன்றாக முடியும் என்று சொல்ல மாட்டேன். திரும்பக் கூப்பிடாதவர்களும் நிறைய. ஆனால் கசிவு, வழக்கு, அனுமதி இல்லாத கட்டுமானம் போன்றவற்றை மறைப்பது பல நாடுகளில் சட்டப்படியே பிரச்சினை. எழுத்தில் சொல்லிவிடுவதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு. சொல்லும் முறையில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. குறையோடு அதைச் சரிசெய்ய ஆகும் செலவையும் விசாரித்துச் சொன்னால், பயம் பேரமாக மாறும்.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கலாமா?

சிங்கப்பூரில் ஒரே வியாபாரத்தில் இருவருக்கும் முகவராக இருக்கத் தடை. சில நாடுகளில் இருவரும் அறிந்து சம்மதித்தால் உண்டு. சட்டம் விட்டாலும் எனக்கு மனசு ஒப்பாது. ஒருவருக்கு விலை ஏற வேண்டும், இன்னொருவருக்கு இறங்க வேண்டும். நடுவில் இருப்பவர் யாருக்காகப் பேசுவார்?

ஒரு பக்கம் மட்டும் வாங்கினாலும் நமக்கும் வாடிக்கையாளருக்கும் ஆதாயம் ஒன்றாக இருக்காது என்பதை மறக்க வேண்டாம். விலை ஒரு படி ஏறினால் அதில் நமக்கு வருவது நூற்றில் ஒன்றோ இரண்டோ. அதற்காக இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க மனம் வராது. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் சிகாகோ புறநகர்களில் ஏறக்குறைய 1 லட்சம் வீட்டு விற்பனைகளைப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை அம்பலமாக்கியது. முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே மாதிரி வாடிக்கையாளர் வீடுகளைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்தார்கள், சுமார் 3.7 விழுக்காடு அதிக விலை வாங்கினார்கள். முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் பழைய நோட்டைப் புரட்டினேன். "இதற்கு மேல் கிடைக்காது, முடித்துவிடலாம் சார்" என்று நான் சொன்ன இரண்டு மூன்று நாட்கள் கண்ணில் பட்டன. மாதக் கடைசி நாட்கள்.

வீடு காட்டும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

அரை மணி முன்னால் போய்ச் சன்னல்களைத் திறங்கள், எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள், சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்குபவர் முன்னால் ஏழு சாவியை மாற்றி மாற்றிப் போடுவதைப் போல மானக்கேடு இல்லை. "இது சமையலறை" என்று சொல்லாதீர்கள், அவருக்கும் கண் இருக்கிறது. ஒதுங்கி நில்லுங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்ப்பவர், கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கையால் அளப்பவர், இவர்கள் உண்மையான ஆட்கள். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறவர் பெரும்பாலும் வாங்கமாட்டார்.

தனியாகக் காலி வீடு காட்டப் போகும்போது, குறிப்பாகப் பெண்கள், வருபவரின் பெயர், எண்ணைச் சரிபார்த்து, போகும் இடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வாங்குபவரை முன்னால் நடக்கவிட்டு, வாசல் பக்கம் நீங்கள் நில்லுங்கள்.

கமிஷன் தராமல் ஏமாற்றிவிட்டால்?

எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். எனக்கும் நடந்தது: நான் அறிமுகம் செய்த இருவரும் என்னைத் தாண்டித் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, "தெரிந்தவர்தானே" என்று விட்டிருந்தேன். இப்போது முதல் வீடு காட்டும் முன்பே அரைப் பக்கம்: யாருக்காக வேலை செய்கிறேன், எத்தனை விழுக்காடு, எப்போது தர வேண்டும், எத்தனை மாதம் செல்லும். காட்டிய வீடுகளின் பட்டியல் தேதியோடு செய்தியாகப் போய்விடும்.

முன்பணத்தைக் கையில் வாங்கி வைக்காதீர்கள். வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கோ வக்கீலுக்கோ நேராகப் போகட்டும்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, இன்னும் பத்து ஆண்டில் தரகர் இருப்பாரா?

எந்த வீடு எங்கே இருக்கிறது என்ற தகவலை மட்டும் விற்றவருக்கு ஏற்கெனவே வேலை போய்விட்டது. கமிஷன் எப்படி வாங்குகிறோம் என்பதும் கேள்விக்கு உள்ளாகிவிட்டது. 1908இல் சிகாகோவில் தொடங்கிய, வீட்டு முகவர்களின் அமைப்பான அமெரிக்காவின் தேசிய ரியல்டர்கள் சங்கம், கமிஷன் விதிகள் மீதான வழக்கில் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல், சங்கத்தோடு சேர்ந்த, விற்பனைக்கு உள்ள வீடுகளைப் பட்டியலிடும் சேவைகளைப் பயன்படுத்தும் முகவர் வாங்குபவருக்கு வீடு காட்டும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். முகவருக்கு என்ன கூலி என்பது அதில் இருக்க வேண்டும். நம் அரைப் பக்கக் காகிதம்தான், பெரிய அளவில்.

பத்திரத்தில் அண்ணன் தம்பி கையெழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது, தம்பிக்கும் அண்ணனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இந்த மாதிரி முடிச்சை எந்தச் செயலியும் அவிழ்த்து நான் பார்க்கவில்லை.

சந்தை படுத்துவிட்டால்?

அப்போதும் மக்கள் இறப்பார்கள், பிரிவார்கள், ஊர் மாறுவார்கள், பிள்ளை பெறுவார்கள். விற்பனை குறையும், நிற்காது. கைவசம் உள்ள பழைய வாடிக்கையாளர்களே அந்தக் காலத்தில் சோறு போடுவார்கள்.

அந்த நோட்டில் அப்படி என்னதான் எழுதுகிறீர்கள்?

ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், எப்படி அறிமுகம், என்ன தேடுகிறார், எதை வேண்டாம் என்றார், ஏன், அடுத்து எப்போது பேச வேண்டும். "ஏன்" என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுவேன். போன வாரம் எழுதியது ஒன்று:

"மூன்றாவது மாடி வீடு பிடித்தது. அம்மாவுக்கு முட்டி வலி, லிஃப்ட் இல்லாததால் வேண்டாம் என்றார். கணவர் ஒன்றும் பேசவில்லை, பால்கனியில் ரொம்ப நேரம் நின்றார். கீழ்த்தளத்தில் வெளிச்சம் உள்ளது கிடைக்குமா என்று பார்க்க. செவ்வாய் மாலை 6 மணிக்கு மேல் போன்."

இன்று செவ்வாய்.